‘நிதி இல்லை’ என்றால் எந்த நிதி?

வாசகர் கேள்வி – பதில்

உள்ளாட்சி அமைப்புகளின் வரவு செலவுத் திட்டம் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மிகுதியும் மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு, நகராட்சிகளின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் இங்கே பதில் எழுதுகிறார்.

“எங்கள் வீடு ஆயிரம் சதுர அடி. 2022-இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். பிறகு மறுபடியும் உயர்த்தினார்கள். அரையாண்டு தவறாமல் கட்டி வருகிறோம். ஆனால் எங்கள் தெருச் சாக்கடை உடைந்து இரண்டு ஆண்டுகளாகிறது. கவுன்சிலரிடம் கேட்டால் ‘நிதி இல்லைம்மா’ என்கிறார். நாங்கள் கட்டிய பணம் எங்கேதான் போகிறது?” – வாசகி, செல்லூர்.

அம்மா, தங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வந்திருக்கும் மற்றக் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்கின்றன.

முதலில் வரியைப் பார்ப்போம். 2022-இல் சென்னை நீங்கலான நகரங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. தாங்கள் அதற்கு முன் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டி வந்ததாக வைத்துக்கொண்டால், அது 1,500 ரூபாயாகியிருக்கும். 2024-இல் வந்த 6 விழுக்காட்டு உயர்வால் 1,590 ரூபாயாகியிருக்கும். இந்த உயர்வை மாநகராட்சி மட்டும் தனியாக அமர்ந்து முடிவு செய்துவிடவில்லை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்க வேண்டும், வரி வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர்ந்து வரவேண்டும் என்பது நகரங்களுக்கான மானியத்துக்கு, மைய அரசின் வரிப்பணத்தைப் பங்கிட வழிசொல்லும் 15-ஆவது நிதி ஆணையம் விதித்த நிபந்தனை. அதை ஏற்காமல் விட்டிருந்தால் மானியம் நின்றுபோயிருக்கும். நெருக்கடியில் இருக்கும் ஓர் உள்ளாட்சி அமைப்பு அந்த மானியத்தை இழக்கத் துணியாது.

அடுத்ததாக, தாங்கள் கட்டும் பணம் ஒரே உண்டியலில் விழுவதில்லை. தமிழகத்தில் மாநகராட்சிப் பட்ஜெட் மூன்று நிதிகளாகப் பிரித்தே போடப்படுகிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. சொத்து வரிச் சீட்டில் கல்விக்கான பங்கும் நூலக வரியும் சேர்ந்தே இருக்கின்றன. நூலக வரி மாநகராட்சியின் பணமே இல்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம் அது. கல்வி நிதியில் மிச்சம் இருந்தாலும் அதை எடுத்துச் சாக்கடை கட்ட முடியாது.

இதனால்தான், ‘நிதி இல்லை’ என்று யாராவது சொன்னால், எந்த நிதியில் இல்லை என்று கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். தங்கள் தெருவில் உடைந்திருப்பது வீடுகளின் கழிவுநீர் போகும் பாதாளச் சாக்கடைக் குழாய் என்றால், அது குடிநீர் மற்றும் வடிகால் நிதியில் செய்ய வேண்டிய வேலை. சாலையோரத்து மழைநீர்க் கால்வாய் என்றால், சாலைக்கும் தெருவிளக்குக்கும் பணம் போகும் வருவாய் மற்றும் மூலதன நிதியில் செய்ய வேண்டிய வேலை. எது என்று தெரியாமல் மனு கொடுத்தால், மனு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போய்ப் போய்த் திரும்பும். வார்டு உதவிப் பொறியாளரை ஒருமுறை தெருவுக்கு வரவழைத்து, எந்த வகை வேலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, பணம் இருந்தும் இல்லாமல் போவது எப்படி என்பதைச் சொல்கிறேன். மாதம் பிறந்தால் கணக்குப் பிரிவில் பணம் கொடுக்கும் வரிசை ஒன்று உண்டு. நிரந்தரப் பணியாளர் சம்பளமும் ஓய்வூதியப் பங்கும் முதலில் போகும். அடுத்து, தூய்மைப் பணிக்கு ஒப்பந்தம் எடுத்திருக்கும் நிறுவனத்துக்கான தொகை; அது நின்றால் மறுநாள் காலையே குப்பை தேங்கும். பிறகு தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீருக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை, வாங்கிய கடன்களின் தவணை, வண்டிகளுக்கு டீசல். இவற்றுள் ஒன்றைக்கூட அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எளிதில் தள்ளிவைக்க முடியாது. இந்த நிலுவைகளில் சில, மாநில நிதி ஆணைய மானியம் உள்ளாட்சியின் கைக்கு வருவதற்கு முன்பே அதிலிருந்து பிடித்துக்கொள்ளப்படுவதும் உண்டு. இத்தனைக்கும் கொடுத்தது போக எஞ்சுவதுதான் பராமரிப்புக்கு. சிறுபாலம் உடைந்தாலும், சாக்கடை மூடி பெயர்ந்தாலும், பூங்காவின் கம்பிவேலி சாய்ந்தாலும் அந்த எஞ்சிய பணத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். சம்பளம் வராவிட்டால் சங்கம் கேட்கும், மின் கட்டணம் கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். உடைந்த சாக்கடைக்காகக் கணக்குப் பிரிவுக்கு வந்து கேட்க ஆளில்லை. ஆகையால் நெருக்கடி வந்தால் ஒவ்வோர் ஊரிலும் முதலில் வெட்டப்படுவது பட்ஜெட்டில் பராமரிப்பு என்ற செலவுத் தலைப்புதான்.

அந்த வெட்டு எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை நானே பார்த்திருக்கிறேன். நான் பணியாற்றிய நகராட்சி ஒன்றில் குடிநீர் ஏற்றும் மோட்டார் ஒன்று அடிக்கடி எரிந்துபோனது. புதிது வாங்க மூலதனத் தலைப்பில் ஒதுக்கீடு வேண்டும். அந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை. மோட்டாருக்குள் எரிந்த கம்பிச் சுருளை மாற்றி ‘காயில்’ கட்டுவது பழுதுபார்ப்பு, அது சிறிய தொகை, கையெழுத்து எளிது. எனவே காயில் கட்டினோம், மூன்று மாதத்தில் எரிந்தது, மீண்டும் கட்டினோம். மோட்டார் நின்ற நாள்களில் லாரித் தண்ணீர் விட்டோம். அதற்கு வேறு தலைப்பில் வேறு சீட்டு. ஆண்டு முடிவில் அந்தக் கோப்பில் இருந்த காயில் சீட்டுகளையும் லாரிச் சீட்டுகளையும் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். புதிய மோட்டாரின் விலையை அவை எப்போதோ தாண்டியிருந்தன. யாரும் தவறாகக் கையெழுத்துப் போடவில்லை, ஒவ்வொரு சீட்டும் விதிப்படியே இருந்தது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

தங்கள் தெருச் சாக்கடைக்கும் இதே கணக்குப் பொருந்தும். உடைந்த இடத்தில் அள்ளிப் போடுவதற்கும் அடைப்பு எடுப்பதற்கும் இந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை ஆள் வந்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைத்து, மனுவோடு இணையுங்கள். சாக்கடையைச் சீராகக் கட்டாமல் விட்டதனால் ஆகும் செலவைக் காட்டும் மனுவுக்குக் கணக்குப் பிரிவில் தனி மதிப்பு உண்டு.

“பட்ஜெட்டை உண்மையில் தீர்மானிப்பவர் யார்? மேயரா, ஆணையாளரா? எங்களைப் போன்ற பொதுமக்கள் சொல்லுக்கு அதில் இடம் உண்டா?” – ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநகர்.

ஐயா, மாமன்றத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது அன்றுதான் அது தீர்மானிக்கப்படுகிறது என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அந்த நாளில் மாற்றுவதற்கு ஏறக்குறைய எதுவும் மிச்சம் இருக்காது.

பட்ஜெட் புத்தகத்துக்கான வேலை நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு எனப் பிரிவுகள் ஒவ்வொன்றும் தத்தம் தேவையை எழுதிக் கொடுக்கும். மண்டல அலுவலகங்களிலிருந்து வார்டு வேலைகளின் பட்டியல் வரும். கணக்குப் பிரிவு அவற்றையெல்லாம் கூட்டினால், வரவைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ வந்து நிற்கும். பிறகுதான் உண்மையான பட்ஜெட் வேலை. எதை எடுப்பது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது, எதற்கு ஒரு பெயரளவுத் தொகை போட்டுத் தலைப்பை மட்டும் உயிரோடு வைத்திருப்பது என்பவை எல்லாம் ஆணையாளரின் அறையில், பொறியாளர்களும் கணக்கு அலுவலர்களும் அமர்ந்து பேசி முடிவாகின்றன. அது வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவுக்குப் போய், மாமன்றத்துக்கு வந்து, ஏப்ரல் 1-க்கு முன் நிறைவேற வேண்டும். ஆகவே சட்டப்படி தீர்மானிப்பது மாமன்றம். நடைமுறையில் ஜனவரிக்குள் பட்டியலில் ஏறாத வேலைக்கு மார்ச்சில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயன் குறைவு.

தங்கள் திருநகர் 2011 வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும், சில ஊராட்சிகளும் திருநகரோடு சேர்ந்து அப்போதுதான் மாநகராட்சியில் இணைந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போய்ச் செயல் அலுவலரிடம் நேரில் பேசிய காலம் தங்களுக்கு நினைவிருக்கும். இப்போது மாநகராட்சித் தலைமை அலுவலகமான அறிஞர் அண்ணா மாளிகை தொலைவில் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022-இல் விதிகள் வகுத்து அமைக்கப்பட்டன. கிராமசபையின் நகர்ப்புற வடிவம் என்று பகுதி சபையைச் சொல்லலாம். தங்கள் பகுதியில் அது ஒழுங்காகக் கூடுகிறதா என்று பாருங்கள். கூடாவிட்டால் கூட்டச் சொல்லி மாமன்ற உறுப்பினருக்கு எழுத்தில் கொடுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அதையொட்டிக் கூடும் சபையில் சொல்லப்படும் வேலை, மண்டலப் பட்டியல் தயாராகும் காலத்துக்குச் சரியாக வந்து சேரும்.

ஆசிரியராக இருந்தவர் என்பதால் தங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நேராகச் சில பத்திகள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் நடந்த வரவு செலவு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. செய்தித்தாள்கள் கடைசிப் பத்தியை மட்டும் எழுதும். தாங்கள் முதல் பத்தியைப் படியுங்கள். மழைநீர் வடிகால் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பெரிய தொகை மதிப்பீட்டில் தோன்றி, திருத்திய மதிப்பீட்டில் சுருங்கி, உண்மைச் செலவில் காணாமல் போகிறது என்றால், அந்தத் தொகை எழுதப்பட்டபோதே செலவழிக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று கொள்ளலாம். உபரி பட்ஜெட்டா, பற்றாக்குறை பட்ஜெட்டா என்பதைவிட இந்த ஒப்பீடு எத்தனையோ மடங்கு உண்மை சொல்லும். புத்தகம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்.

“வரியை ஏன் உயர்த்த வேண்டும்? கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்களிடம் வசூலித்தாலே போதாதா?” – வணிகர், கீழமாசி வீதி.

தங்கள் கோபம் நியாயமானது. ஒழுங்காகக் கட்டுபவரின் முதுகிலேயே மேலும் சுமை ஏறுவது எந்த ஊரிலும் மனம் ஒப்பக்கூடியதன்று.

இதைச் சரிபார்க்க ஒரு தாள் உண்டு. அதைக் கேட்பு–வசூல்–நிலுவைப் பட்டியல் என்போம். இந்த ஆண்டு எவ்வளவு வரி கேட்க வேண்டும், பழைய பாக்கி எவ்வளவு, எவ்வளவு வசூலானது, எவ்வளவு நிற்கிறது என்பதை வரி வாரியாக அது காட்டும். சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவை தனித்தனியே இருக்கும். பாக்கியில் ஒரு பகுதி வழக்கில் முடங்கியிருக்கும். ஒரு பகுதி அரசு அலுவலகக் கட்டடங்களுடையது. இன்னொரு பகுதி இடிந்துபோன கட்டடத்துக்கும் இருமுறை பதிவான வீட்டுக்கும் ஆண்டுதோறும் எழுதிவரும் வெற்றுக் கேட்பு. அதனால் பட்டியலில் தெரியும் நிலுவை முழுவதும் கைக்கு வந்துவிடும் பணம் என்று எண்ண வேண்டாம். ஆயினும் வணிகக் கட்டடங்களின் பெரிய பாக்கிகள் அதில் தெளிவாகத் தெரியும். கடை வாடகை பாக்கியும் அப்படியே. மாநகராட்சிக்குச் சொந்தமான கடைகளிலும் சந்தைகளிலும் குத்தகை புதுப்பிக்காமல் பழைய வாடகையிலேயே ஓடிக்கொண்டிருப்பது தமிழகம் எங்கும் காணும் நோய்.

பாக்கியைக் காட்டிலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: கேட்கவே கேட்காத வரி. 2025-இல் மதுரை மாநகராட்சியில் கட்டடங்களுக்குச் சொத்து வரியை முறைகேடாகக் குறைத்து நிர்ணயித்ததாகப் புகார் எழுந்து, காவல் துறை விசாரணையும் கைதுகளும் நடந்தன. மண்டலத் தலைவர்கள் ஐவரும் பதவி விலக நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். கணக்கு எழுதியவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: வரியைக் குறைத்து எழுதினால் அந்தத் தொகை நிலுவைப் பட்டியலிலும் வராது. கேட்பே குறைந்துவிடுவதால், வசூல் விழுக்காடு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். தணிக்கை அலுவலர் கட்டடத்தை நேரில் போய் அளந்தாலன்றி அது பிடிபடாது. அதனால், வசூல் 90 விழுக்காட்டைத் தாண்டியது என்று யாரேனும் பெருமையாகச் சொன்னால், எத்தனை கட்டடங்களை இந்த ஆண்டு மறு அளவீடு செய்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு சிறு குறிப்பு. அரையாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதத்துக்குள் சொத்து வரி கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. உச்ச வரம்பு 5,000 ரூபாய். அது தங்களுக்கு மட்டும் இலாபம் அன்று. ஏப்ரலில் வரும் பணம்தான் முதல் மூன்று மாதச் சம்பளத்தையும் டீசலையும் தாங்குகிறது.

“என் மகன் இங்கிலாந்தில் பர்மிங்காமில் வேலை பார்க்கிறான். அங்கே மாநகராட்சியே திவாலாகிவிட்டது, வரியை ஏற்றிவிட்டார்கள், குப்பை அள்ளக்கூட ஆளில்லை என்கிறான். நம் மாநகராட்சிக்கும் அப்படி நேருமா?” – வாசகி, ஐயர் பங்களா.

தங்கள் மகன் சொல்வது உண்மை. 2023 செப்டம்பர் 5 அன்று பர்மிங்காம் நகர மன்றத்தின் நிதி அலுவலர், 1988-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டார். சட்டம் கட்டாயப்படுத்திய பணிகளையும் ஆதரவற்றோர் பாதுகாப்பையும் தவிர வேறெதற்கும் புதிதாகச் செலவு செய்யக் கூடாது என்பது அதன் பொருள். பெண் பணியாளர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் கொடுக்காமல் விட்டதால் சேர்ந்துபோன இழப்பீட்டுக் கடனும், கணக்கு மென்பொருளை மாற்றியதில் ஏற்பட்ட பெருஞ்செலவும் அதன் உடனடிக் காரணங்கள். ஆண்டுக்கணக்கில் மைய அரசின் மானியம் சுருங்கிவந்ததும், முதியோர், குழந்தைகள் பராமரிப்புச் செலவு ஏறிவந்ததும் பின்னணி. அங்கே சாதாரணமாக வரியை ஆண்டுக்கு 5 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்த்த வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பர்மிங்காமுக்கு அந்த வரம்பைத் தளர்த்தி, 2024-இல் ஏறக்குறைய 10 விழுக்காடும் 2025-இல் ஏறக்குறைய 7.5 விழுக்காடும் உயர்த்த அனுமதித்தார்கள். 2025-இல் நடந்த குப்பை வண்டிப் பணியாளர் வேலைநிறுத்தத்தைத் தங்கள் மகன் நேரில் பார்த்திருப்பார்.

அங்கே உள்ள ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. நகர மன்றம் சமநிலையான பட்ஜெட்டையே நிறைவேற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது இயலாது என்று தெரிந்தால், அதை எழுத்தில் வெளியிட வேண்டிய கடமை நிதி அலுவலர் ஒருவருடைய தலையில் இருக்கிறது. மன்றத்தின் பெரும்பான்மைக் கட்சி விரும்பாவிட்டாலும் அவர் எழுதியாக வேண்டும்.

நம் ஊரில் அப்படி அறிவிக்கும் முறை இல்லை. நம் மாநகராட்சிகள் திவாலாவதில்லை. அவற்றின் பில்கள் நிற்கின்றன. ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க ஓராண்டு ஆகும். தெரிந்தே அடுத்த டெண்டரில் அவர் விலையை ஏற்றிக் கேட்பார், அல்லது தரத்தைக் குறைப்பார். மின் வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பாக்கி ஏறும். ஒப்பந்தத் தொழிலாளியின் வைப்பு நிதித் தொகை தாமதமாகும். பர்மிங்காமில் ஒரே நாளில் வெளிப்பட்ட நெருக்கடி நம்மிடத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கிறது. அதனால்தான் பட்ஜெட்டின் வரவு செலவு வித்தியாசத்தோடு, கொடுக்கப்படாமல் நிற்கும் பில்களின் மொத்தம் எவ்வளவு என்ற எண்ணையும் மாமன்றத்தில் வைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஒரு மாமன்ற உறுப்பினர் எழுந்து அதை மட்டும் கேட்டாலே போதும்.

“மாநகராட்சி தன் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்க முடியுமா?” – கல்லூரி மாணவர், மதுரை.

அரசின் அனுமதியோடு முடியும். மதுரையே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரைச் சுற்றிய உள்வட்டச் சாலைக்காக வாங்கிய கடனை அடைக்க, 2001 வாக்கில் மதுரை மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அந்தச் சாலையில் வசூலித்த சுங்கம்தான் கடனுக்கு ஆதாரம். வருமானம் தரும் சொத்துக்காக வாங்கும் கடன் என்பதால் அதில் நியாயம் இருந்தது. மழைநீர் வடிகாலுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வாங்கும் கடனுக்குச் சுங்கச்சாவடி போட முடியாது. தவணை பொது வரியிலிருந்தே போக வேண்டும். மேலும் ஒன்று: திட்டம் கட்டி முடிந்த நாளிலிருந்து அதை இயக்கும் செலவு தொடங்கிவிடுகிறது. லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரை மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு மைய, மாநில அரசுகளின் பணமும் கடனும் உண்டு. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் மருந்துக்கும், மோட்டாரின் மின்சாரத்துக்கும், வெடித்த குழாயை ஒட்டுவதற்கும் ஆண்டுதோறும் எந்த மானியமும் வராது. ஒரு திட்டத்தின் திறப்பு விழாவைப் பார்க்கும்போது, அதை அடுத்த இருபது ஆண்டுகள் ஓட்டப்போகும் தலைப்பு எது என்று பட்ஜெட் புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.

“எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவர் இல்லை. மோட்டாருக்குக் கரண்டு பில் கட்டப் பணமில்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறார்கள். யாரிடம் கேட்பது?” – விவசாயி, உசிலம்பட்டி அருகே.

ஐயா, மதுரை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். ஆகவே கேள்வியை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் போவது பணத்தையும் பாதிக்கும். 2016 அக்டோபருக்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனபோது, மைய நிதி ஆணைய மானியம் தமிழகத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கலாம். அதோடு, 15-ஆவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்குக் கொடுத்த பணத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டிய நிதி. மீதி 40 விழுக்காட்டைக்கூடச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதி ஆணையப் பங்கு ஆகியவையே ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடியவை. இந்த மாநில நிதி ஆணையப் பங்காக, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துப் பிரிக்கப்படுகிறது.

தங்கள் சிக்கலுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இது: கிராம ஊராட்சிக்குப் பல வங்கிக் கணக்குகள் உண்டு. கணக்கு எண் 1 பொது நிதி. கணக்கு எண் 2 மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான கட்டணமும் கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் விழும் பணத்தை எடுத்துச் சாலை போட முடியாது. ஆகையால் மின் கட்டணத்துக்குப் பணமில்லை என்று சொன்னால், கணக்கு எண் 2-இல் கடைசியாக எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எந்த மின் இணைப்புகளுக்குக் கட்டப்பட்டது என்ற மூன்றையும் கேளுங்கள். உண்மையிலேயே தொகை போதவில்லை என்றால், பழைய மோட்டார் மின்சாரத்தை விழுங்குகிறதா, குழாய் ஒழுகி மணிக்கணக்கில் மோட்டார் ஓடுகிறதா என்று டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அந்த மனிதருக்குத் தெரிந்த அளவு அலுவலகத்துக்குத் தெரியாது.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாத காலத்திலும் கூட வேண்டும். வரவு செலவுச் சுருக்கத்தைப் படிவம் 30-இல் எழுதி அங்கே மக்கள் பார்வைக்கு வைப்பது வழக்கம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே, கணக்கு எண் 2-இன் வங்கிப் புத்தகப் பக்கங்களும் கடைசி ஆறு மாத மின் கட்டண ரசீதுகளும் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும் என்று பத்துப் பேர் கையெழுத்திட்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க் ஆபரேட்டரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள்.